அரவிந்தன் கார்ட்டூன் வரைந்த காலம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. கூட்டுறவு வங்கியில் வேலை. படம் வரைவேன், புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன், இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். மூன்றாவது படம் இன்னும் எழுதும் கட்டத்திலேயே நிற்கிறது. "ஒன்றைப் பிடி, இல்லாவிட்டால் எதுவும் உருப்படாது" என்கிறார்கள் வீட்டில். சினிமாதான் என் ஆசை. மற்றதையெல்லாம் விட்டுவிடவா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு மலையாள சினிமா இயக்குநர் ஜி. அரவிந்தன் நினைவுதான் வந்தது.

கோட்டயத்துக்காரர். ரப்பர் வாரியத்தில் அதிகாரி. 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் வரைந்தார். அதில் ராமு என்றொரு வேலையில்லாத இளைஞன். கார்ட்டூன் பாத்திரங்களுக்குப் பொதுவாக வயதாகாது, ராமுவுக்கு ஆகிறது. காசு பார்க்கிறான், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறான். ஒரு மனிதன் மாறுவதைச் சின்னச் சின்னக் கட்டங்களில் பன்னிரண்டு வருடம் வரைந்து காட்டியவர் அவர். அதைவிடப் பெரிய சினிமாப் பயிற்சி எது? முதல் படம் 'உத்தராயணம்' 1974இல் வந்தபோது அவருக்கு 39 வயது. உங்களுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது.

நாடகமும் செய்தார். காவாலம் நாராயண பணிக்கரின் 'அவனவன் கடம்ப'வைத் திறந்தவெளியில், மரங்களுக்கு நடுவே இயக்கினார். ஷாஜி கருணின் 'பிறவி' படத்துக்கு இசையமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் எடுத்த 'தம்பு' (1978) கிடைத்தால் பாருங்கள். பாரதப்புழைக் கரையில் ஒரு சர்க்கஸ் கூடாரம். உள்ளே வித்தை நடக்கிறது; கேமராவோ பார்க்க வந்தவர்களின் முகங்களிலேயே தங்கிவிடுகிறது. எல்லோரும் ஊர்க்காரர்கள்தான். ஒவ்வொரு முகத்தையும் நான் கோட்டுச் சித்திரமாகத்தான் பார்த்தேன். கார்ட்டூன் வரைந்த கை அங்கே வேலை செய்கிறது.

பணம்? அவருக்குக் கொல்லத்து முந்திரி வியாபாரி ரவீந்திரநாதன் நாயர் வாய்த்தார். ஐந்து படங்களுக்குப் பணம் போட்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது. அதனால் வங்கி வேலையையும் விடாதீர்கள்.

அப்புறம், அந்த மூன்றாவது படம். அரவிந்தனின் 'போக்குவெயில்' (1981) படத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலும் ராஜீவ் தாராநாத்தின் சரோத் என்ற தந்தி வாத்தியமும்தான் முதலில். காட்சிகள் அந்த இசைக்கு ஏற்ப எடுக்கப்பட்டவை. நீங்களும் வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் குழலில் ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டபடியே காட்சிகளை ஒவ்வொன்றாக வரையுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.