இரு மடங்கு விலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் மாவு அரைக்கும் இயந்திரங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். எங்கள் இயந்திரங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றை நிறுவும் பணிக்காகத் தான்சானியாவின் மொரொகோரோ, டொடோமா பகுதிகளில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள் சிறு உணவுத் தொழில் நடத்துவோரைக் கூட்டிப் பயிற்சியும் மானியமும் கொடுத்து, சத்தான உணவைத் தயாரித்து விற்கச் சொல்கின்றன. அப்படி உருவான சத்துமாவுப் பொட்டலங்களைக் கடைகளில் பார்த்தேன். அச்சும் உறையும் அழகாக இருந்தன. விலை சாதாரண மாவைப்போல் இரு மடங்கு. அவற்றை வாங்கியவர்கள் என்னைப்போல் வசதியானவர்கள்தான். ஏழைக் குழந்தைக்குச் சத்து சேர வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் உணவையே இலவசமாகக் கொடுத்துவிடலாமே, நடுவில் வியாபாரி எதற்கு? லாபத்துக்காகத் தொழில் செய்பவருக்கு உதவுவதை ஊட்டச்சத்துத் திட்டம் என்று சொல்வது சரியா? எங்களைப் போல் இயந்திரம் விற்பவர்கள் இதில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

ம., கோவை

அன்புள்ள ம.,

இலவசமாகக் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உடல் மெலிந்து உயிருக்கே ஆபத்தான நிலையில் வரும் குழந்தைக்குக் கொடுக்கப்படும் வேர்க்கடலைப் பசையை, 1990களில் பிரான்சில் உருவாகி இன்று நைஜர், எத்தியோப்பியா, மலாவி போன்ற நாடுகளிலேயே தயாராகும் அந்த மருந்துணவை, எந்தத் தாயிடமும் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் பார்த்த பொட்டலங்கள் அந்தக் குழந்தைக்கானவை அல்ல. வயிறு நிறைய உண்டும் இரும்புச்சத்தும் துத்தநாகமும் வைட்டமின் ஏயும் போதாமல் வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு பெரியது. அவர்களுக்குத் தேவைப்படுவது சில வாரச் சிகிச்சை அன்று. ஆண்டுக்கணக்கில் தினமும் தட்டில் விழும் உணவு மாற வேண்டும். தான்சானியாவின் டார் எஸ் சலாமிலோ கானாவின் அக்ராவிலோ கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த உணவை விளைவிப்பதில்லை, தெருமுனைக் கடையில் அன்றன்று வாங்குகிறது. அந்தக் கடைக்குச் சரக்கு கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு சிறு மில்காரர் அல்லது வறுத்து அரைத்து விற்கும் ஒரு பெண். குழந்தையின் தட்டுக்குப் போகும் வழி அவர்கள் கடை வழியாகத்தான் போகிறது. நன்கொடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2025இல் அமெரிக்க அரசின் உதவி முகமையான யுஎஸ்எய்டு மூடப்பட்டபோது ஆப்பிரிக்க நாடுகள் கண்டுவிட்டன.

இனி அந்த இரு மடங்கு விலைக்கு வருகிறேன். சத்துக்கூறுகளால் அந்த விலை வருவதில்லை. ஒரு மூட்டை மக்காச்சோள மாவில் சேர்க்க வேண்டிய வைட்டமின், தாதுக் கலவைக்கு ஆகும் செலவு மாவின் விலையோடு ஒப்பிட மிகச் சொற்பம். விலையை ஏற்றுபவை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத மற்றச் செலவுகள். அறுவடைக் காலத்தில் தானியம் மலிவாக இருக்கும்போது சிறு உற்பத்தியாளர் ஆண்டுக்கான இருப்பை வாங்கிவிட வேண்டும், அதற்குக் கையில் பணம் இருக்காது. வங்கிக்குப் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். இத்தொழிலில் பெரும்பகுதியினரான பெண்களின் பெயரில் பத்திரம் இருப்பது அரிது. பத்திரம் இருந்தாலும் வட்டியைக் கட்டி மீள முடியாது. கானாவில் 2023இல் மைய வங்கியின் வட்டி விகிதமே 30 சதவீதத்தைத் தொட்டது என்றால், சிறு தொழிலுக்கு வங்கி கேட்கும் வட்டி என்னவாக இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அச்சிட்ட உறை வேண்டுமென்றால் அச்சகம் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை அவருடைய பல மாத விற்பனைக்குச் சமம். சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்கு கொடுத்தால் பணம் வர மாதங்கள் ஆகும், சில சமயம் வராமலே போகும். கென்யாவில் நாக்குமாட், அதன் பின் டஸ்கீஸ் என்று பெரிய கடைத்தொடர்கள் அடுத்தடுத்துச் சரிந்தபோது, அவற்றுக்குச் சரக்கு கொடுத்திருந்த சிறு உற்பத்தியாளர்கள் பெரும் நிலுவையோடு தெருவில் நின்றார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே பூஞ்சை இருக்கிறது. சரியாக உலராத மக்காச்சோளத்திலும் வேர்க்கடலையிலும் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கண்ணுக்குத் தெரியாது, சமைத்தாலும் முழுதாக அழியாது. 2004இல் கென்யாவின் மக்குவேனி, கிட்டூயி மாவட்டங்களில் அந்த நச்சேறிய மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுத் தரவிதி ஒரு கிலோ தானியத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நச்சு இருக்கக் கூடாது என்கிறது. விதியை மதித்து ஒவ்வொரு கொள்முதலையும் சோதித்து, தேறாததைக் கழித்து, தரமுத்திரை வாங்கி விற்கும் பெண், எதையும் சோதிக்காமல் திறந்த சாக்கில் அளந்து விற்கும் பக்கத்துக் கடைக்காரரோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்பவரின் சரக்குத்தான் விலை கூடியதாக இருக்கும் என்ற இந்த நிலை மாறாதவரை, அவருக்கு எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் அவர் வசதியானவர்களைத் தேடித்தான் போவார். அதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கருத்து இதுதான்: சத்துக்காகத் தனியாக விலை கொடு என்று ஏழையிடம் கேட்கும் எந்தத் திட்டமும் வசதியானவர்களின் அலமாரியில்தான் போய் முடியும். அம்மாக்களுக்கு விழிப்புணர்வு போதாததால்தான் விற்பனையாகவில்லை என்று பல அறிக்கைகள் எழுதுகின்றன. அன்றைய கூலியில் எண்ணெய்க்கும் கரிக்கும் பேருந்துக்கும் ஒதுக்கியது போக மிஞ்சும் காசு எவ்வளவு என்பது அந்தத் தாய்க்கு அறிக்கை எழுதுபவரைவிட நன்றாகவே தெரியும்.

வேறு வழியில் யோசித்தவர்கள் நீங்கள் தங்கியிருந்த தான்சானியாவிலேயே இருக்கிறார்கள். அங்கே மாவில் சத்துக்கூறுகளைச் சேர்த்துச் செறிவூட்ட வேண்டும் என்ற விதிமுறை 2011இல் வந்தது. பெரிய ஆலைகள் அதைப் பின்பற்ற முடிந்தது. ஊருக்கு ஊர் இருக்கும் சிறு மில்களிடம் கருவியும் இல்லை, கலவை வாங்கப் பணமும் இல்லை. சங்கு என்ற அமைப்பு, மில்லில் விழும் தானியத்தின் எடைக்கேற்ப இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கொண்ட கலவையைத் தானாகவே அளந்து விடும் சிறு கருவியை மில்களில் பொருத்தியது. கலவைக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு அவர்கள் கண்ட விடைதான் என்னை மிகவும் கவர்ந்தது. எந்த மில்காரரும் மாவு நிரப்ப வெற்றுப் பைகள் வாங்கியே ஆக வேண்டும், சில்லறையாக வாங்குவதால் கூடுதல் விலை கொடுக்கிறார். சங்கு அந்தப் பைகளை மொத்தமாக, மலிவாக வாங்கி, அவர் வழக்கமாகக் கொடுக்கும் விலைக்கே அவருக்கு விற்கிறது. மிஞ்சும் பணம் கலவைக்குப் போகிறது. மில்காரருக்குக் கூடுதல் செலவு இல்லை, மாவின் விலை ஏறுவதில்லை, அந்த மாவில் உகாலி என்ற களி கிண்டும் தாய்க்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

ரொட்டியில் நடந்ததும் ஏறத்தாழ இதே கதைதான். ஆரஞ்சுச் சதைப்பற்றுள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வைட்டமின் ஏ நிறைய உண்டு. அதை மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் பரப்பிய அறிவியலாளர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கிழங்காக விற்பதைவிட, வேகவைத்து மசித்துக் கோதுமை மாவில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்த்தால் ருவாண்டாவிலும் கென்யாவிலும் பேக்கரிக்காரர்களுக்கு ஆதாயம் இருந்தது, ஏனென்றால் கோதுமையில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் உக்ரைன் போரால் கோதுமை விலை ஏறியபோது இந்த மசியல் மேலும் கவர்ச்சியானது. மசியல் சீக்கிரம் கெட்டுவிடும், குளிர்பதன வசதி பல இடங்களில் கிடையாது. நைரோபியில் ஆய்வாளர்கள் குளிர்பெட்டி இல்லாமலே சில மாதங்கள் தாங்கும்படி அதைப் பொதிக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்தார்கள். பேக்கரிக்காரருக்கு வேண்டிய உதவி இவ்வகையானதுதான். அவர் செலவு குறைக்கப் போய்ச் சத்து தானாக உள்ளே வந்துவிட்டது.

மடகாஸ்கரில் நூத்ரிசாசா என்ற நிறுவனம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி யோசித்தது. செறிவூட்டிய குழந்தை மாவைப் பொட்டலமாக விற்றால் அதைக் காய்ச்ச விறகும் கரியும் நேரமும் வேண்டும், தலைநகர் அந்தானநாரிவோவின் நெருக்கடியான குடியிருப்புகளில் இவை மூன்றுமே பஞ்சம். ஆகவே அந்தப் பகுதிப் பெண்களே கஞ்சியாகக் காய்ச்சி, காலையில் சூடாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கரண்டிக் கணக்கில் விற்கிறார்கள். குழந்தைகளுக்கென்றே சிறு உணவகங்களும் வைத்திருக்கிறார்கள். கானாவில் ஜப்பானிய நிறுவனமான அஜினோமோட்டோ சோயாவும் அமினோ அமிலமும் வைட்டமின்களும் சேர்த்து, மக்காச்சோளக் கஞ்சியான கோகோவில் கலப்பதற்காக விற்ற 15 கிராம் பொட்டலம் இதற்கு மறுபக்கம். பொருள் அருமையானது, ஆராய்ச்சியும் முறையாக நடந்தது. ஆனாலும் தனியாகக் காசு எடுத்துக் கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று என்பதால், கிராமத்துப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் வழியாக ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்லி விற்க வேண்டியிருந்தது. அது கடினமான வழி.

இலவசமும் வியாபாரமும் எப்போதும் எதிரெதிரானவை என்றும் கொள்ள வேண்டாம். ருவாண்டா அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவு, அரசும் பங்குதாரராக இருக்கும் ஆப்பிரிக்கா இம்ப்ரூவ்டு ஃபுட்ஸ் என்ற கிகாலி ஆலையில் தயாராகிறது. அது பெரிய ஆலைதான், நம் பேச்சு சிறியவர்களைப் பற்றியது. ஆனால் அங்கே பூஞ்சைக்குக் கண்ட தீர்வு சிறியவர்களுக்கும் பயன்படும். உள்ளூர் விவசாயிகள் உலர்த்திக் கொண்டுவந்த மக்காச்சோளத்தில் பெரும்பகுதி சோதனையில் தேறாமல் போகவே, அறுத்தவுடன் கதிராகவே வாங்கி ஆலையின் பொறுப்பில் இயந்திரத்தால் உலர்த்தத் தொடங்கினார்கள்; கழிபடுவது வெகுவாகக் குறைந்தது. பத்துப் பதினைந்து சிறு உற்பத்தியாளர்களுக்குப் பொதுவாக ஓர் உலர்த்தியும் ஒரு சோதனைக் கருவியும் வாங்கிக் கொடுப்பது, அவர்களை விடுதி அரங்கில் உட்காரவைத்து வணிகத் திட்டம் எழுதப் பழக்குவதைவிட மேலான செலவு என்பேன். பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. பார்ட்னர்ஸ் இன் ஃபுட் சொல்யூஷன்ஸ் என்ற அமைப்பின் வழியாகப் பெரிய உணவு நிறுவனங்களின் பொறியாளர்கள் ஆப்பிரிக்க ஆலைக்காரர்களுக்குத் தொலைவிலிருந்தே ஆலோசனை சொல்கிறார்கள். இன்ன உறையில் இன்ன மாவு ஏன் கசக்கிறது என்பதுபோன்ற குறிப்பான கேள்விக்குக் குறிப்பான விடை சொல்வதுதான் உதவும் பயிற்சி.

லாபம் பற்றிய உங்கள் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவருக்கு லாபம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அவர் கடை இருக்காது. அந்த லாபம் வைட்டமின் என்ற பெயரில் ஏழையின் பையிலிருந்து எடுக்கப்படுகிறதா, அல்லது மாவுப் பை, வட்டி, கழிவு ஆகியவற்றில் மிச்சம் பிடித்து வருகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

உங்கள் நிறுவனம் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. தான்சானியாவில் சேம்பே என்ற வெள்ளை மக்காச்சோள மாவுக்காகத் தோலையும் முளையையும் நீக்கும் இயந்திரத்தோடு சேர்த்துத்தான் மில்கள் பலவும் அமைகின்றன. முழுதாக அரைக்கும் டோனா மாவில் சத்து கூடுதல் என்றாலும், முளையிலுள்ள எண்ணெயால் அது சீக்கிரம் சிக்கடித்துவிடுவதால் கடைக்காரர் வாங்கி வைக்கத் தயங்குகிறார். எவ்வளவு நீக்குவது என்பதை மில்காரரே கூட்டிக் குறைக்கும்படி உங்கள் இயந்திரம் இருந்தால், உள்ளூரில் அன்றே விற்பதற்கு ஒரு மாவும் தொலைவுக்கு அனுப்ப வேறொரு மாவும் அவர் அரைக்கலாம். தானியம் விழும் வாயில் சத்துக் கலவைக் கருவியைப் பொருத்துவதற்கான துளையையும் தாங்கியையும் கோவையிலேயே அமைத்து அனுப்பினால், அங்கே தகட்டை வெட்டிப் பற்றவைக்கும் செலவு மிஞ்சும். அத்துடன் சல்லடையும் பெல்ட்டும் தேய்ந்தால் டொடோமாவிலேயே கிடைக்கும்படி ஒரு கடையில் இருப்பு வையுங்கள். அறுவடைக் காலத்தில் உதிரிபாகத்துக்குக் காத்து நிற்கும் மில்லின் நஷ்டமும் கடைசியில் மாவின் விலையில்தான் ஏறும்.