ஆஸ்துமாவைக் காட்டி ஜாமீன் கேட்கும் முன்னாள் கணவர்

வணக்கம் சகோதரி. மாநிலம் விட்டு மாநிலம் பின்தொடர்ந்து மிரட்டிய முன்னாள் கணவர், கொரோனாவையும் தன் ஆஸ்துமாவையும் காட்டி அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் அக்காவும் இதே நிலையில் நின்றவர்.

ஜாமீன் விசாரணையில் உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை இன்றே அழைத்து, பேச விரும்புவதாகச் சொல்லுங்கள்.

நோய் பொய் என்று மட்டும் வாதாடாதீர்கள். சிறையில் தொற்று பரவுவது நீதிபதிக்கும் தெரியும். 2020 மார்ச்சில் கான்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு வழக்கில் நான்கைப் பார்த்தது: காவலில் இருப்பவருக்கே உரிய நோய் அபாயம், முதலில் காவலில் வைத்த காரணம், வெளியே தங்கும் திட்டம் தொற்றைக் குறைக்குமா என்பது, பிறருக்குத் தொற்று அபாயம் கூடுமா என்பது. இரண்டாவதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. ஆஸ்துமா வந்ததால் அந்த மிரட்டல்கள் மறைந்துவிடவில்லையே!

அக்கா குறுஞ்செய்திகளை நேரத்தோடு அச்சிட்டுத் தேதி வரிசையில் அடுக்கினார். நள்ளிரவு தாண்டி வந்த ஒன்றில் வாசல் கதவின் படம் மட்டுமே இருந்தது. நீதிபதி அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

உங்கள் முன்னாள் கணவர் வெளியே வந்தால் தங்கப்போகும் முகவரி உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். ஜாமீனில் விடும்போது கணுக்காலில் கட்டும் கண்காணிப்புக் கருவி அவர் இருக்கும் இடத்தைக் காட்டும், தொலைபேசியைத் தடுக்காது. ஒருவேளை விட்டாலும், எந்த வழியிலும் தொடர்பு கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையை இப்போதே எழுதிக் கேளுங்கள்.