பக்கவாதம் வந்த அப்பாவை எந்த டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி: என் அப்பா 40 ஆண்டுகள் கைத்தறியில் லுங்கி நெய்தவர். 3 மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தாங்கலாக நடக்கிறார் என்றாலும் பாதம் தரையில் இழுபடுகிறது. இடது தோளில் கை வைத்தாலே வலியில் துடிக்கிறார். வாரத்துக்கு 3 நாள் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். வேலூருக்குப் போய் 'பி.எம்.ஆர். டாக்டரை'ப் பார்க்கும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். அவரும் பிசியோதெரபிஸ்ட்தானே? அவரை எங்கே தேடுவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இல்லை அம்மா, இருவரும் வேறு. பிசியோதெரபிஸ்டைத் தமிழில் 'இயன்முறை மருத்துவர்' என்று எழுதுவதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. பி.எம்.ஆர். டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மேலும் 3 ஆண்டுகள் உடலியக்க மறுவாழ்வு மருத்துவத்தைப் (பிசிகல் மெடிசின் அண்ட் ரீஹாபிலிடேஷன், சுருக்கமாக பி.எம்.ஆர்.) படித்தவர். பெயருக்குப் பின்னால் எம்.டி. அல்லது டி.என்.பி., அதனுடன் பி.எம்.ஆர். என்று இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சியைக் கைபிடித்துச் செய்விப்பவர் பிசியோதெரபிஸ்ட். எது தடையாக இருக்கிறது என்று கண்டறிந்து, மருந்து, ஊசி, ஸ்பிளின்ட் (கை, காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை), பயிற்சி ஆகியவற்றில் எது எப்போது தேவை என்று முடிவுசெய்பவர் பி.எம்.ஆர். டாக்டர். இருவரும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்பதால், இப்போது வருகிறவரை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் பாதத்தையே எடுத்துக்கொள்வோம். கணுக்காலைத் தூக்கும் தசை வலுவிழந்தாலும் பாதம் இழுபடும். கெண்டைக்கால் தசை விறைத்துப் பாதத்தைக் கீழே இழுத்தாலும் இழுபடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதற்குக் காலணிக்குள் போடும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் பெரும்பாலும் உதவும். இரண்டாவதற்கு விறைப்பைத் தளர்த்தும் மாத்திரையோ, குறிப்பிட்ட தசையில் போடும் போட்டுலினம் ஊசியோ தேவைப்படலாம். இதைப் பிரித்தறியாமல் மாதக்கணக்கில் ஒரே பயிற்சியைச் செய்துகொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

தோள்வலி இன்னும் அவசரமானது. தசை தளர்ந்ததும் கையின் பாரமே மேற்கை எலும்பைக் கீழே இழுத்துவிடும். சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் சிலருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், கையைப் பிடித்து இழுப்பதும் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பவை. இன்றே அதை நிறுத்துங்கள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போதெல்லாம் மடியில் ஒரு தலையணை வைத்து அந்தக் கையைத் தாங்கலாக அதன்மேல் கிடத்துங்கள்.

தேடுவதைப் பொறுத்தவரை, உங்களுக்கு அதிக அலைச்சல் இருக்காது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் இத்துறையைப் பயின்று திரும்பி வேலூர் சி.எம்.சி.யில் வளர்த்தெடுத்தார். அவருடைய முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. சி.எம்.சி.க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருப்பதால், முன்பதிவு செய்யும்போதே எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். இந்த நிலையில் இருப்பவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடு.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து பத்தடி நடப்பதைச் செல்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்துக்கொள்ளுங்கள். புது இடத்தில், பதற்றத்தில் அவர் நடக்கும் நடை வேறாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'உங்களுக்கு முதலில் என்ன செய்ய முடிந்தால் போதும்?' என்று அப்பாவிடமே கேளுங்கள். இரவில் தனியாகக் கழிவறைக்குப் போய்வர வேண்டும் என்று அவர் சொல்லலாம், மறுபடியும் தறியில் உட்கார வேண்டும் என்றும் சொல்லலாம். 'குணமாக்கிவிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட இதைச் சொன்னால் சிகிச்சையைத் திட்டமிடுவது டாக்டருக்கு எளிது.

ஒன்றை மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ, பி.எம்.ஆர். முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே 108க்கு அழையுங்கள்.