துகள்களின் விதிகள் அனைத்தும் தெரிந்துவிட்டால் உலகில் உள்ள எல்லாவற்றையும் இயற்பியலால் விளக்கிவிட முடியுமா?

முடியாது என்றே நான் கருதுகிறேன். கணினிகளின் வேகம் போதாது என்பது மட்டுமே அதற்குக் காரணம் அன்று.

முதுகலை வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அணுவுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை, அதாவது எலக்ட்ரானின் நடத்தையைக் கூறும் குவாண்டம் விதியை, கரும்பலகையில் முழுமையாகத் தீர்த்துக் காட்டினார். அடுத்து வந்த ஹீலியத்தில் எலக்ட்ரான்கள் இரண்டுதான். ஆயினும் அவை ஒன்றையொன்று விலக்குவதால், அங்கேயே தோராய முறைகளை நாட வேண்டியதாயிற்று. விதி மாறவில்லை, ஓர் எலக்ட்ரான் மட்டுமே கூடியிருந்தது. இரண்டே நிலைகள் கொண்ட 300 துகள்களின் குவாண்டம் நிலையை முழுமையாக எழுத 2-இன் 300-ஆம் அடுக்கு அளவுக்கு எண்கள் தேவை; காணக்கூடிய பேரண்டத்தின் அணுக்களைவிட அவை அதிகம்.

இது அளவைப் பற்றிய தடை. இதைவிட ஆழமானதை, மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் மீக்கடத்தல் காட்டுகிறது. 1911-இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வின் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) வரை குளிர்வித்தபோது அதன் மின்தடை திடீரென மறைந்தது. எலக்ட்ரான்களுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926-லேயே கிடைத்துவிட்டபோதும், ஹைசன்பர்க், ஃபைன்மன் போன்றோர் முயன்றும், பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவரின் விளக்கம் 1957-இல்தான் வந்தது. பாதரசத்தின் ஐசோடோப்பை, அதாவது அணுவின் நிறையை மட்டும், மாற்றினால் மின்தடை மறையும் வெப்பநிலையும் மாறுகிறது என்று 1950-இல் சோதனைகள் காட்டியது அணுக்களின் அதிர்வுக்கு இதில் பங்கு உண்டு என்ற பெரிய துப்பை அந்தத் தேடலுக்குத் தந்தது. அந்த மூவரின் விளக்கப்படி, ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள், படிகத்தின் அதிர்வுகள் வழியாக இணை சேர்ந்து, கோடானுகோடி இணைகளும் ஒரே நிலையில் இயங்குகின்றன. தனி எலக்ட்ரானை எத்தனை காலம் ஆராய்ந்தாலும் இந்தப் பண்பு அதில் தென்படாது. தனி எலக்ட்ரானுக்கு வெப்பநிலை என்ற ஒன்றேகூடப் பொருந்தாது.

இதைத்தான் இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் 1972-இல் 'சயன்ஸ்' இதழில் தெளிவாக வாதிட்டார்: எல்லாவற்றையும் எளிய விதிகளாகப் பிரித்துக் காண முடிகிறது என்பதால், அந்த விதிகளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் திரும்பக் கட்டியெழுப்ப முடியும் என்று ஆகிவிடாது. அவர் பகுத்தாய்வை மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை; எலக்ட்ரான் இணைகள் குவாண்டம் விதிகளை எங்கும் மீறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு படிநிலையிலும் புதிய கருத்துகளைக் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பைத் துகள் இயற்பியலின் வெறும் பயன்பாடு என்று தாழ்த்துவது பெரும் பிழை.

1986-இல் பெட்னோர்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடுச் சேர்மம் ஒன்றில் ஏறத்தாழ 35 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டார்கள். அதிலுள்ள எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் எந்த விதிகளுக்குக் கட்டுப்படுகின்றன என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அது ஏன் மீக்கடத்தியாகிறது என்பதற்கு அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை.