அந்தப் பாறை முனை வேண்டாம்

கேள்வி: விடுமுறைக்கு ஐந்து நாள் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகிறோம். 80 வயது மாமியார் முதல் 2 வயதுப் பேரன் வரை மொத்தம் பத்துப் பேர். கடைசி நாள் மாலை, சூரியன் கடலில் இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசை. இணையத்தில் பார்த்த ஒரு பாறை முனையை இடமாக முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை அம்மா. இடத்தையும் மாற்றுங்கள், நாளையும் மாற்றுங்கள்.

முதலில் பாறை. அலை நனைக்கும் பாறையில் பாசி படிந்திருக்கும். வெறுங்காலோ செருப்போ, எதுவும் அதில் நிற்காது. படம் எடுக்கும்போது பத்துப் பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பீர்கள். வழக்கத்தைவிடப் பெரிய அலை ஒன்று வந்தால் முகம் திரும்புவதற்குள் வந்துவிடும். கடல் ஏறும் நேரமாக இருந்தால் போன வழியே தண்ணீருக்குள் மூழ்கிப் போகலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அதில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே கடல் பாதி உயரம் ஏறிவிடும். ‘இப்போதுதானே கால் நனைந்தது’ என்று அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடாது. 80 வயதுக்காரரையும் 2 வயதுக் குழந்தையையும் அங்கே நிறுத்துவதை எந்தப் படமும் நியாயப்படுத்தாது.

உங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரால் எங்கே சிரமமில்லாமல் நிற்க முடியுமோ அங்கிருந்து தேடலைத் தொடங்குங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து காய்ந்த பொடி மணலில் அதிக தூரம் நடக்க வைக்காதீர்கள். அதில் ஊன்றுகோலும் புதையும், சக்கர நாற்காலியும் புதையும். அலை வந்துபோன ஈர மணல்தான் இறுகியிருக்கும். கழிப்பறையும் நிழலும் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். பேரன் முகம் வாடாமலிருக்க அது முக்கியம்.

கரையின் சரிவு அடுத்தது. செங்குத்தான கரையில் அலை காலடியில் வந்து உடையும், அடித்துத் தள்ளும். தட்டையான கரையில் அலை தூரத்திலேயே உடைந்து, மெல்லிய தகடுபோலத் தண்ணீர் பரவும். அந்த ஈரத்தில் ஆட்களின் நிழலுருவம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். உங்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் கரையில் கடல் 1 மீட்டர் ஏறினால் தண்ணீர் 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். வற்றத்தில் பார்த்த அகலமான மணல் ஏற்றத்தில் காணாமல் போகும். ஆகவே அந்த ஊருக்கான ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றிக்கொண்டிருக்கும் நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அலை கழுவிவிட்டுப் போன மணலில் காலடித் தடமும் இருக்காது. அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அங்கே கால்கூட நனைக்க வேண்டாம். உள்ளே இழுக்கும் நீரோட்டம் அப்படித்தான் தெரியும்.

இனி சூரியன். கடலில் இறங்கும் சூரியனைப் பின்னால் வைத்தால் முகங்கள் கறுத்துவிடும். முகத்தைக் காப்பாற்றினால் வானம் வெளுத்துவிடும். ஃபிளாஷோ, வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழவைக்கும் ரிஃப்ளெக்டர் பலகையோ வைத்து இரண்டு மூன்று பேரைச் சமாளிக்கலாம். பத்துப் பேருக்கு எட்டுவது கடினம். நேர் எதிரே சூரியன் இருந்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். பக்கவாட்டிலிருந்து, சற்றே பின்னாலிருந்து வெளிச்சம் விழட்டும். இதற்குக் கரையோரமாகவே கேமராவைத் திருப்பி, அலைக்கோடு தூரத்தில் ஓடி மறைவதுபோல எடுப்பது நல்ல வழி. இதில் இன்னொரு லாபம் உண்டு. பத்துப் பேர் ஒரே வரிசையில் நின்றால் ஓரம் விட்டு 6 மீட்டர் அகலம் வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் சுருள் அளவுக்குப் படம் பதியும் பெரிய கேமரா) 85 மி.மீ. லென்ஸ் என்றால் போட்டோகிராபர் 14 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 50 மி.மீ. என்றால் 8 மீட்டருக்கு மேல். கடலைப் பார்த்து எடுக்கும்போது பின்னால் சுவரோ புதரோ இருந்தால் அவ்வளவு தூரம் கிடைக்காது; கரையோரமாக எடுத்தால் தாராளமாகக் கிடைக்கும். செல்போனின் அகல லென்ஸில் கிட்டே நின்று எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் இழுத்துவிட்டதுபோல விரிந்து தெரிவார்கள்.

வரைபடத்தில் ‘மேற்குக் கரை’ என்று பார்த்து நம்பிவிடவும் கூடாது. சூரியன் நேர் மேற்கில் மறைவது மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாட்களை ஒட்டித்தான். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். ஒரே கரையில் ஒரு பருவத்தில் கடலில் மறைவது இன்னொரு பருவத்தில் மலைக்குப் பின்னால் மறையலாம். மலையோ மரவரிசையோ இருந்தால் கையை நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் செங்குத்தாக இறங்கும் வெப்பமண்டலத்தில் அந்த 10 டிகிரிக்கு 40 நிமிடம். மரம் ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால் அவ்வளவு முன்னதாகவே வெயில் போய்விடும்.

உங்களுக்குக் காலை நேரத்தைத்தான் சொல்வேன். கடற்காற்று பிற்பகலில் வலுக்கும்; கூந்தலைக் கலைக்கும், லென்ஸில் உப்புத் திவலை படியும். காலையில் காற்றும் கூட்டமும் குறைவு, குழந்தையும் தூங்கி எழுந்த தெளிவோடு இருப்பான். கடைசி நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளே எடுங்கள். அதற்குள் யார் தோலும் வெயிலில் சிவந்து உரிந்திருக்காது. மழை வந்தாலும் மூன்று நாள் கையிலிருக்கும்.

முதல் நாள் காலையே, நினைத்த நேரத்தில், ஒருவர் போய் செல்போனில் நான்கு திசையும் எடுத்துப் பார்க்கட்டும். ஏற்றவற்ற நேரம் மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, படகு நிறுத்தும் இடம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். நின்றபடி எடுத்தால் பெரியவர்களின் கழுத்திலோ தலையிலோ கோடு கிழித்ததுபோல இருக்கும். போட்டோகிராபரை முழங்காலிட்டு இடுப்பு உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

போட்டோகிராபரைக் கூலிக்கு வைத்தாலோ டிரோன் பறக்கவிட்டாலோ, கரையை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆமை முட்டையிடும் பகுதி என்று அறிவிப்பு இருந்தால் இருட்டிய பிறகு விளக்கோடு அங்கே நிற்கக் கூடாது. மணல்மேட்டுப் புல்லின் மேலும் ஏற வேண்டாம். மேட்டைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர்கள்தான். பாறை முனை அவ்வளவு பிடித்திருந்தால், மணலில் நின்றபடியே அது தூரத்தில் தெரியுமாறு பின்னணியில் வைத்துக்கொள்ளுங்கள்.