காமிக்ஸும் கார்ட்டூனும்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் பற்றியும் அவற்றிலிருந்து பிறந்த கார்ட்டூன்கள் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நம் வாசகர் வட்டத்தில் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் என் சொந்தக் கருத்துகள். ஒத்துப்போகாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

அண்ணா, காமிக்ஸில் இருப்பதை அப்படியே எடுத்தால்தானே நல்ல கார்ட்டூன்? அப்படி எடுத்த "தி கில்லிங் ஜோக்" என்ற பேட்மேன் கார்ட்டூன் படத்தை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? (கல்லூரி மாணவர், ராயபுரம்)

தம்பி, அந்தப் படம் 2016-ல் வந்தபோது திட்டு வாங்கியது முன்பாதிக்காக. மூலக்கதையில் இல்லாத ஒரு பேட்கேர்ள் கதையைச் சேர்த்து, அவளுக்கும் பேட்மேனுக்கும் உறவு இருப்பதாகக் காட்டிவிட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறை, நீங்கள் "அப்படியே" என்று சொல்லும் பின்பாதியில்தான் இருக்கிறது.

ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த மூலக்கதை 1988-ல் வந்தது. கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கொட்டும் மழையில் பேட்மேனும் ஜோக்கரும் நின்று சிரிக்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் பார்வை கீழே இறங்குகிறது. இறுதியில் தரையும் தேங்கிய மழைநீரும்தான் மிஞ்சுகின்றன. சிரிப்பு எப்போது நின்றது, யார் முதலில் நிறுத்தினார், பேட்மேனின் கை ஜோக்கரை என்ன செய்தது என்று மை சொல்லாது. வாசகன் அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், திரும்பிப் போகலாம், தனக்குள் ஒரு முடிவுக்கு வரலாம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள அந்த மெல்லிய வெள்ளைக்கோட்டில்தான் காமிக்ஸின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். படத்தில் அந்தக் கோடு கிடையாது. சிரிப்பு ஏதோ ஒரு நொடியில் நின்றாக வேண்டும். அந்த நொடியை இயக்குநர் தேர்ந்தெடுத்துவிடுகிறார். பேட்மேனுக்குக் கெவின் கான்ராய், ஜோக்கருக்கு மார்க் ஹாமில் என்ற இரண்டு மகத்தான குரல்கள் இருந்தும் அந்தக் காட்சி என்னை அசைக்கவில்லை.

ஆகவே கட்டங்களை நகலெடுப்பது விசுவாசம் ஆகாது. வெள்ளைக்கோட்டை இழந்த கார்ட்டூன், அதற்கு ஈடாகத் தன்னிடம் மட்டுமே இருக்கும் ஒன்றை எடுத்துவைக்க வேண்டும்: அசைவு, குரல், இசை, நேரம். 2018-ல் வந்த "ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்" இதைச் செய்தது. தொடக்கத்தில், புதிதாக ஸ்பைடர்மேன் ஆகும் சிறுவன் மைல்ஸை நொடிக்கு 12 படங்களில் அசையவிட்டு, அனுபவசாலியான பழைய ஸ்பைடர்மேன் பீட்டரை 24 படங்களில் அசையவிட்டார்கள். ஒரே காட்சியில் இருவரும் தாவும்போது சிறுவன் தடுமாறுகிறான் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் கண் உணர்ந்துவிடுகிறது. பிறகு அவன் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும் காட்சி வருகிறது. பயத்தில் விரல்கள் கண்ணாடியை விட மறுக்கின்றன. கண்ணாடி உடைந்து விரலோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அடுத்து திரையையே தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள். விழுகிற பையன் மேலே எழும்புவதாகத் தெரிகிறான். எந்த இதழிலிருந்தும் நகலெடுத்த காட்சி இல்லை அது. ஆனாலும் நான் பார்த்ததிலேயே காமிக்ஸுக்கு மிக உண்மையான காட்சி அதுதான்.

நான் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் படித்து வளர்ந்தவன். இந்த அமெரிக்க நாயகர்கள் எல்லாம் எனக்கு அந்நியமாகவே இருக்கிறார்கள். என் ரசனை பழசாகிவிட்டதா? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்)

இல்லை ஐயா. உங்கள் ரசனைக்கு நான் தலைவணங்குகிறேன். 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக மாயாவியைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்குகிறது நம் ஊர் சூப்பர்ஹீரோ வரலாறு. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்தப் படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. கறுப்பு வெள்ளையில் அவர் போட்ட நிழல்களை இன்றைய கணினி வண்ணங்களில் என்னால் பார்க்க முடிவதில்லை.

ஸ்பைடர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அவன் ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள். 1965-ல் பிரிட்டனில் அவனை உருவாக்கியவர் டெட் கோவன். வரைந்தவர் ரெஜ் பன். ஆனால் நாம் படித்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெரி சீகல். 1938-ல் ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கினாரே, அதே சீகல்தான். ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியில் பறந்து வலைத்துப்பாக்கியும் வாயுத்துப்பாக்கியுமாகத் திரிந்த நம் கூர்மண்டையன், சூப்பர்மேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீங்கள் அந்நியம் என்று நினைக்கும் வீட்டுக்குள் பல வருடங்களாகவே இருக்கிறீர்கள் ஐயா.

சூப்பர்மேனை எதுவும் செய்ய முடியாது. பிறகு கதையில் என்ன சுவாரசியம்? (புளியந்தோப்பு)

அடி வாங்குவாரா என்று பார்த்தால் சுவாரசியம் இல்லைதான். இவ்வளவு பலம் இருந்தும் ஒருவர் ஏன் நல்லவராகவே இருக்கிறார் என்று பாருங்கள். கிராண்ட் மோரிசன் எழுதிய "ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்" இதைத்தான் கேட்கிறது. அதைக் கார்ட்டூனாக எழுதியவர் ட்வெய்ன் மெக்டஃபி. 2011-ல் படம் வெளிவந்த நாட்களில் அவர் காலமானார். கதையில் சூப்பர்மேன் தன் சாவு நெருங்குவதை அறிந்து மீதி வேலைகளை முடித்துக்கொண்டிருப்பார். அதை நினைத்துப் பார்த்தால் அந்தப் படம் இன்னும் கனக்கிறது.

இன்னொன்று. 1938-ல் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு மைல் தூரம் தாண்டுவார், அவ்வளவுதான். 1941-ல் ஃப்ளைஷர் சகோதரர்கள் கார்ட்டூன் எடுத்தபோது, குதித்துக் குதித்துப் போவது திரையில் எடுபடவில்லை என்று அவரைப் பறக்கவிட்டார்கள். இன்று பறக்காத சூப்பர்மேனை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? கார்ட்டூன்காரர்கள் மூலத்தைத் தொடக் கூடாது என்று சொல்லும் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அண்ணா, கார்ட்டூனுக்காக ஒரு பாத்திரத்தின் முன்கதையையே மாற்றலாமா? அது எழுதியவருக்குச் செய்யும் துரோகம் இல்லையா? (கொருக்குப்பேட்டை)

"பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்" தொடரில் "ஹார்ட் ஆஃப் ஐஸ்" என்ற பகுதி இருக்கிறது. 1992-ல் பால் டினி எழுதியது, புரூஸ் டிம் இயக்கியது. அதைப் பார்த்தபின் இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றாது.

அதில் வரும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ் 1959-ல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் காமிக்ஸில் வந்தவன். கையில் பனித்துப்பாக்கி, உடம்பில் குளிர்ச்சட்டை. வைரம் திருடுவான், பிடிபடுவான். டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோயில் விழுந்த அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்ற ஆராய்ச்சி செய்கிறான். செலவு அதிகம் என்று முதலாளி இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறான். அந்தத் தகராறில் இவன் உடல் குளிரைத் தவிர வேறெதிலும் வாழ முடியாததாகிவிடுகிறது.

இதைத் திரையில் சொன்ன விதம்தான் அழகு. ஒரு கண்ணாடி உருண்டைக்குள் நடனமாடும் பொம்மை, சுற்றிலும் பொய்ப்பனி. அதனிடம் ஃப்ரீஸ் பேசுகிறான். குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா ஏற்ற இறக்கமே இல்லாமல், உணர்ச்சி செத்துப்போன தொனியில் பேசியிருக்கிறார். எந்தக் காமிக்ஸ் வசனப் பலூனாலும் அந்தக் குரலைத் தர முடியாது. சளிபிடித்த பேட்மேனுக்கு அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் பிளாஸ்கில் கொடுத்தனுப்பிய சூடான கோழி சூப்பைக் கொண்டு ஃப்ரீஸை வீழ்த்துகிறார்கள். கொடூரமான கதைக்கு நடுவே அந்தச் சூப் எவ்வளவு இதமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது! இருபது நிமிடச் சொச்சத்தில் மூன்றாந்தரத் திருடன் ஒருவன் கண்ணீர் வரவழைக்கும் மனிதனாகிவிட்டான். அந்தப் பகுதிக்கு எம்மி விருது கிடைத்தது. பிறகு காமிக்ஸும் இந்த முன்கதையையே எடுத்துக்கொண்டது. ஹார்லி குவின்கூட இதே தொடரில் பிறந்து, மறுவருடம் காமிக்ஸுக்குப் போனவள்தான்.

துரோகம் எது என்றால், பாத்திரத்தை முன்பைவிடச் சின்னதாக்குவது. முதல் கேள்வியில் சொன்ன பேட்கேர்ள் கதை அப்படிப்பட்டது. வளர்த்தால் அது வேறு.

ஏழு வயது மகன் "இன்வின்சிபிள்" பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கார்ட்டூன்தானே, விடலாமா? (தண்டையார்பேட்டை)

வேண்டவே வேண்டாம் அக்கா. படங்கள் பளிச்சென்று சின்னப்பிள்ளைகளுக்கானவை போலத் தெரியும். முதல் பகுதியின் கடைசி நிமிடங்களில் ரத்தம் ஆறாக ஓடும். பெரியவர்களுக்கு அது நல்ல தொடர்; மகன் கல்லூரிக்குப் போனதும் பார்க்கட்டும். இப்போதைக்கு "ஜஸ்டிஸ் லீக்" போதும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மார்வெலா, டிசியா? (காசிமேடு)

கார்ட்டூன் தொடர்களில், பேட்மேனும் சூப்பர்மேனும் இருக்கும் டிசி. காரணம் 1992 முதல் 2006 வரை புரூஸ் டிம் குழு ஒரே உலகத்தைப் பொறுமையாகக் கட்டியது. அந்தப் பேட்மேன் தொடரின் பின்னணிகளைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வரைந்தார்கள். இரவு முதலில், வெளிச்சம் பிறகு. பேட்மேன் வாழும் கோத்தம் நகரம் அப்படி அச்சமூட்டுவதற்கு அதுவே காரணம். திரையரங்குக் கார்ட்டூனில், ஸ்பைடர்மேன் இருக்கும் மார்வெல். ஸ்பைடர்-வெர்ஸ் படங்களின் பக்கத்தில் வேறெதுவும் நிற்காது.

தமிழ் டப்பிங்கில் பார்க்கலாமா, ஆங்கிலத்திலேயே பார்ப்பது மேலா? (பள்ளி ஆசிரியை, திருவொற்றியூர்)

டீச்சர், இது என் மனதில் வெகுநாளாக இருக்கும் விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் பாருங்கள், பிள்ளைகளுக்கும் தமிழில் காட்டுங்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கிலும் சுட்டி டிவியிலும் தமிழ்க் குரல்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே நம் தெருக்களில் இருக்கிறது. அந்தக் குரல் கலைஞர்களின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. பேட்மேனுக்கும், முகமூடி இல்லாதபோது அவரே ஆன புரூஸ் வேய்னுக்கும் இரண்டு வேறு குரல்களைக் கொடுத்ததற்காகக் கெவின் கான்ராயை உலகமே கொண்டாடியது. 2022-ல் அவர் இறந்தபோது ஊர் ஊராக அழுதார்கள். நம் கலைஞர்களுக்கும் அந்த மரியாதையில் பாதியாவது வேண்டும்.

என் மனக்குறை வேறு. ஸ்பைடர்-வெர்ஸ் படங்களின் நாயகன் மைல்ஸ் மொராலஸ், நியூயார்க்கின் புரூக்ளின் பையன். அப்பா போலீஸ்காரர், அம்மா செவிலியர். பேட்டையை விட்டு, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். முதல் படத்தில் அவன் பள்ளிக்கு நடந்து போகும் காட்சியில் தெருவில் இருப்பவர்களோடு ஸ்பானிஷ் கலந்து பேசிக்கொண்டே போவான். அந்த மொழிதான் அவன் வேர், அதை மறைக்க அவன் எங்கும் முயல்வதில்லை. வியாசர்பாடியிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் படிக்கப்போகும் நம் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டா? தமிழில் அவன் நம் பேட்டைப் பேச்சைப் பேசினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! ஆனால் திரையில் நம் பேச்சு வந்தால் அடியாளுக்கும் நகைச்சுவைக்கும்தான் என்று ஆகிவிட்டது. நாயகன் மட்டும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழ் பேசுவான். ஒரு சூப்பர்ஹீரோ, கேலிக்கு இடமில்லாமல், முழுக் கண்ணியத்தோடு வடசென்னைத் தமிழ் பேசும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன். டப்பிங் வசனம் எழுதும் யாராவது இதைப் படித்தால், இதை ஒரு ரசிகனின் மனுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும்? (வியாசர்பாடி)

பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு, அங்கிருந்த புத்தகக்காரர்கள் சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். முதலில் அங்கே தேடுங்கள். அட்டையைப் பார்த்து வாங்காமல் நடுப்பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். லயன், முத்து காமிக்ஸ் மறுபதிப்புகள் வேண்டுமென்றால் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போங்கள். நம் தெருப் பழைய பேப்பர் கடைக்காரரிடமும் சொல்லிவையுங்கள். எடைக்குப் போகும் கட்டுகளில் பொக்கிஷங்கள் இருக்கும்.

"ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்" தொடரைப் பாதியில் ஏன் நிறுத்தினார்கள்? முடிவில்லாத தொடரைப் பார்க்கலாமா? (எண்ணூர்)

பார்க்க ஆள் குறைந்து நின்ற தொடர் இல்லை அது. தொலைக்காட்சிக் கார்ட்டூன் உரிமை சோனியிடமிருந்து மார்வெலுக்குத் திரும்பியது, 2009-ல் மார்வெலை டிஸ்னி வாங்கியது. இந்தக் கைமாற்றத்தில் தொடர் 26 பகுதிகளோடு நின்றுபோனது. முகங்கள் ரொம்ப எளிமையாக, உருண்டைக் கண்களோடு இருக்கும். முதலில் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. கோடுகள் குறைவாக இருப்பதால்தான் சண்டைகள் அவ்வளவு வேகமாகவும் தெளிவாகவும் ஓடுகின்றன. பீட்டரின் பள்ளி வாழ்க்கையும் முகமூடி வாழ்க்கையும் இவ்வளவு ஒழுங்காகப் பின்னப்பட்ட வேறு தொடர் எனக்குத் தெரியாது. தாராளமாகப் பாருங்கள், முதல் பகுதியிலிருந்து வரிசையாக. நடுவில் கறுப்பு உடை வரும் பகுதிகளை மட்டும் ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.