பழைய மரக்கடைசல் லேத்தைப் பழுது பார்த்துவிட்டு விற்பதா, இருக்கிறபடியே விற்பதா?

கேள்வி: அப்பா காலத்து மரக்கடைசல் லேத் (கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைகிற இயந்திரம்) ஒன்று பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. துரு ஏறியிருக்கிறது, மோட்டார் ஓடவில்லை. செலவு செய்து சரிபண்ணி விற்றால் நல்ல விலை வருமா?

இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். துருவைத் துடையுங்கள், கழன்று கிடக்கும் பாகங்களைத் தேடி எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள், அது போதும். பெயிண்ட் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். நான் திறந்தவன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மரச் சொப்புக்குப் பேர்போன இடம். அப்பா சின்ன வயதில் மஞ்சக்கடம்பில் சொப்பு கடைந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் வந்த பிறகு கட்டில் கால், தொட்டில் கம்பு, பூரிக்கட்டை என்று மாறிவிட்டார். லேத் மாறவில்லை. நாலரை அடி வார்ப்பிரும்பு பெட் (மற்ற பாகங்கள் உட்காரும் அடித்தளம்), ஒரு குதிரைத்திறன் மோட்டார். அப்பா போன பிறகு ஆறு வருடம் பின்கட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

முதலில் பழைய இரும்புக்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்து, மோட்டார் நீங்கலாகக் கிலோ 36 ரூபாய் என்றார். 190 கிலோ தேறும் என்று கணக்குப் போட்டோம், ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. நீங்களும் இதை முதலில் செய்துவிடுங்கள். விற்கச் சொல்லவில்லை, அடிவிலை தெரிந்துகொள்ளத்தான். அதையொட்டி விலை கேட்டு வருகிறவர் லேத் வாங்க வரவில்லை, இரும்பு வாங்க வந்திருக்கிறார் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் என்ன செய்தேன் என்றால், ஏழாயிரமா என்று ரோஷம் வந்து, புதுசு மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் பார் என்று இறங்கிவிட்டேன். மோட்டாருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. காயில் கட்ட 2,800 ரூபாய். புது பெல்ட் 350. எமரி பேப்பர், பட்டி, ரெட் ஆக்சைடு, பச்சை இனாமல் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,100. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்து முடித்தேன். பெட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நல்ல வேளை.

இதற்கு நடுவே இணையத்தில் விளம்பரம் போட்டேன். "லேத் விற்பனைக்கு" என்று மட்டும் எழுதினேன். போன் வந்தது, ஆனால் அத்தனை பேரும் இரும்பு வேலைக்காரர்கள். "த்ரெட் போடுமா? லீட் ஸ்க்ரூ தேய்மானம் எப்படி?" உளியைத் தானாக நகர்த்துகிற அந்த லீட் ஸ்க்ரூவே மரக்கடைசல் லேத்தில் கிடையாது. உளியைக் கையில் பிடித்து, ரெஸ்ட் என்கிற தாங்கியில் வைத்து, கண்ணளவில் கடைகிற வேலை அது. ஆகவே விளம்பரத்தின் முதல் வரியிலேயே "மரக்கடைசல்" என்று வரட்டும். அடுத்த வரியில் இரண்டு அளவுகள். ஒன்று, ஹெட் சென்டருக்கும் அதற்கு எதிரே இருக்கிற டெயில் சென்டருக்கும் (கட்டையை இரு பக்கமும் பிடிக்கும் முனைகள்) நடுவே எவ்வளவு நீளக் கட்டை நிற்கும். இன்னொன்று, பெட்டிலிருந்து சென்டர் எவ்வளவு உயரம். உயரம் 6 அங்குலம் என்றால் 12 அங்குல விட்டம் வரை சுற்றும் என்று வாங்குகிறவரே கணக்குப் போட்டுக்கொள்வார். கட்டில் கால் கடைகிறவருக்கு நீளம் முக்கியம், தட்டும் கிண்ணமும் கடைகிறவருக்கு உயரம் முக்கியம்.

கடைசியில் ஆள் வந்தது விளம்பரத்தால் அல்ல. கடைசல் உளி அடித்துத் தருகிற கொல்லர் ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் யார் கடைகிறார்கள், யாருக்கு லேத் தேவை என்பது அவருக்குத்தான் தெரியும். டிம்பர் டிப்போ, மர அறுவை மில் இரண்டிலும் சொல்லிவைக்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்தால் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மர அச்சு செய்து கொடுக்கிற பேட்டர்ன் பட்டறைகளில் கேளுங்கள், அவர்களுக்கும் மர லேத் வேண்டியிருக்கும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். அவர் பார்த்த விதத்தைச் சொன்னால், நீங்கள் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஹெட்டில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஒரு கட்டையை ஸ்பிண்டிலுக்குக் கீழே கொடுத்து நெம்பி, ஆட்டம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். எங்களுடையதில் ஸ்பிண்டிலைத் தாங்குவது கன்மெட்டல் புஷ் (வெண்கல வளையம்), கொஞ்சம் ஆட்டம் இருந்தது. "புஷ் மாத்திக்கிடலாம்" என்று மகனிடம் சொன்னார். டெயிலைத் தள்ளிக் கொண்டுவந்து இரண்டு சென்டர் முனையையும் மூக்கோடு மூக்கு வைத்தார். இரண்டும் நேருக்கு நேர் நின்றன. பெட் தேய்மானத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. இரும்பு லேத்தில் அது உயிர்ப் பிரச்சினை, மரத்துக்கு அவ்வளவு இல்லை.

அப்புறம் சுத்தியல் பிடியால் காஸ்டிங்கை அங்கங்கே தட்டிக்கொண்டு வந்தார். விரிசல் இல்லாத வார்ப்பிரும்பு கணீர் என்று கேட்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். பெட் முழுக்க கணீர். ஹெட்டின் இடது கால் பக்கம் வந்ததும் நிறுத்தினார். மடிப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, நான் பார்த்துப் பார்த்து அடித்த பச்சை இனாமலை நகக்கண் அளவு சுரண்டினார். உள்ளே மஞ்சளாக ஒரு கோடு. பித்தளை ஒட்டு.

"தம்பி, இங்க என்ன ஒட்டு?"

அப்பா காலத்தில் லேத்தை இறக்கும்போது விழுந்து அந்தக் கால் விட்டுப்போய், பித்தளை வைத்து ஒட்டியது. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. எனக்குத் தெரியும், மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை, பட்டி போட்டு வழித்தபோது தானாக மறைந்துவிட்டது. சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. "ஒட்டு நல்லாத்தான் இருக்கு. முதல்லயே காட்டியிருந்தீங்கன்னா நான் ஏன் கத்திய எடுக்கப்போறேன்?" என்றார். அதற்குப் பிறகு ஹெட்டில் ஓர் இடம் விடாமல் சுரண்டிவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை பத்து நிமிடத்தில் சொறி பிடித்த மாதிரி ஆனது.

பெயிண்ட் படாத பெட்டைப் பார்த்தபோதுதான் முகம் மாறியது. அதன் மேல் சிவப்பும் பச்சையுமாகச் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கிடந்தது. விரல் நகத்தால் ஒன்றைப் பெயர்த்து மோந்து பார்த்தார். "அரக்கு. இது சொப்பு கடைஞ்ச பெட்டுல்லா?" சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால், உராயும் சூட்டில் இளகிக் கட்டையில் ஏறும். ஏறாமல் தெறித்தது பெட்டில் விழும். அந்தச் சொட்டுகளைத்தான் நான் அழுக்கு என்று நினைத்து, எமரி போட்டுத் தேய்த்து எடுப்பதாக இருந்தேன்.

22,000 கேட்டேன், 15,500க்கு முடிந்தது. பித்தளை ஒட்டுக்கு என்றே 3,000 குறைத்தார். இதில் கொடுமை, மோட்டார் வேண்டாம் என்றுவிட்டார். அவர் பட்டறையில் த்ரீ பேஸ் மோட்டார் இருக்கிறதாம். 2,800 கொடுத்துக் காயில் கட்டிய மோட்டாரை, மாவு கிரைண்டருக்கு என்று வந்த ஒருவருக்கு 1,900க்குத் தள்ளினேன். பேசாமல் "மோட்டார் ஓடவில்லை" என்று எழுதி விட்டிருக்கலாம்.

உங்கள் மோட்டாரும் ஓடவில்லை என்கிறீர்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று நேராக ப்ளக்கில் மாட்டாதீர்கள். எலி ஒயரைக் கடித்திருக்கும், ஈரம் இறங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்க்கட்டும், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். துருவுக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும். இறுகிப்போன திருகுகளைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம், எண்ணெய் விட்டு நாலு நாள் கழித்துத் திருகிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர்த் தகடு இருந்தால் அதைத் துடைத்துத் தனியாக ஒரு போட்டோ எடுங்கள். விரிசல், ஒட்டு, உடைந்த பல் எதுவாக இருந்தாலும் அதற்கும் ஒரு போட்டோ.

பாகங்களைத் தேடச் சொன்னேன் இல்லையா. எங்கள் லேத்தின் டூல் ரெஸ்ட் விறகு மூட்டையின் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன் மேல் கனமாக உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அது வெறும் இரும்பு. பேஸ் பிளேட் (கட்டையைத் திருகி மாட்டும் வட்டத் தகடு) எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் தட்டாக இருந்தது. அவை தனியாகக் கிடந்தால் இரும்பு விலைதான், லேத்தோடு சேர்த்து வைத்தால் ஆயிரங்களில் பேசலாம். உளிகளை நான் சேர்த்தே கொடுத்துவிட்டேன், விலைக்கு இல்லை.

ஏற்றும்போது ஹெட்டையும் டெயிலையும் கழற்றிவிடுங்கள். பெட்டைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், ஸ்பிண்டிலில் கயிறு கட்டித் தூக்க விடாதீர்கள். குட்டி யானையில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்தோம். ஒன்றில் கோட்டை விட்டேன். ஹெட்டுக்கும் பெட்டுக்கும் நடுவே உயரத்தைச் சரிசெய்ய அப்பா மெல்லிசாக இரண்டு தகடு கொடுத்திருந்தார். கழற்றும்போது அதை அந்தந்த போல்ட்டிலேயே கோத்துக் கட்டியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, சென்டர் நூல் கணக்கு இறங்கி நிக்கு. தகடு ஒண்ணுதான இருக்கு, இன்னொண்ணு எங்க?" மரத்தூளுக்குள் கை விட்டு அரைமணி நேரம் துழாவி எடுத்து, தென்காசி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினேன்.